போடாத கையெழுத்து

“அக்கா, புத்தகத்துல கேட்டதெல்லாம் முடிச்சிட்டேன். இன்னும் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிட்டு வரேன்” என்று எங்கள் பிரிவில் என்னிடம் கற்றுவந்த இளைய தாதி, நான் தங்கை என்றே அழைப்பவர், கேட்டபோது, “இன்னும் கொஞ்ச நாள் என் கூடவே இரும்மா” என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. “கொஞ்ச நாள்னா எத்தனை நாள்க்கா?” என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பினாங்கில் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்யும் எந்தத் தாதிக்கும் அந்தத் திறன் பதிவேட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கற்பவர் ஒவ்வொரு வேலையையும் சரியாகச் செய்கிறார் என்று மூத்த தாதி கட்டம் கட்டமாகக் கையெழுத்திடும் புத்தகம் அது. மற்ற எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்திட்ட நான், புதிய ஃபிஸ்டுலாவில், அதாவது சுத்திகரிப்புக்காகக் கையில் உருவாக்கிய இரத்தக்குழாய் இணைப்பில், தனியாக ஊசி குத்துவதற்கான கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்திற்கு 3 முறை, முறைக்கு 2 ஊசி என்றால், ஒரு நோயாளியின் கை ஆண்டுக்கு 300 முறைக்கு மேல் குத்தப்படுகிறது. தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்து, அந்தச் சிரை தடிப்பதற்காக வாரக்கணக்கில் காத்திருந்து பெற்ற ஃபிஸ்டுலா அது. தொடக்க நாள்களில் அதன் சுவர் மெலிதாக இருக்கும் என்பதால்தான் 17 கேஜ் போன்ற மெல்லிய ஊசியில், நிமிடத்திற்கு 200 மில்லிலிட்டர் போன்ற குறைந்த ஓட்டத்தில் தொடங்குகிறோம். ஊசி மறுபக்கச் சுவரைத் துளைத்துவிட்டால் இரத்தம் சதைக்குள் கசிந்து கை வீங்கிவிடும். அது ஆறும்வரை பல சமயம் சுத்திகரிப்புக்குக் கழுத்துச் சிரையில் செருகிய குழாயை நம்பியிருக்க வேண்டும், அந்தக் குழாயோடு கிருமித் தொற்றின் அபாயமும் தொடரும். இத்தனையும் இருக்கும்போது கையெழுத்தை ஒரு சடங்காக எப்படிப் போடுவது?

ஆனாலும் பதிவேடு கேட்ட எண்ணிக்கையை அவர் முடித்திருந்தார். பழைய ஃபிஸ்டுலாக்களில் அவர் கை நேர்த்தியானது. அவர் குத்தினால் வலிப்பதில்லை என்று நோயாளிகளே சொல்வார்கள். என் தயக்கம் ஒரே ஒரு காட்சியிலிருந்து வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவருக்கு அன்று முதல் ஊசி. தங்கை முறைப்படி கையைத் தொட்டு அதிர்வை உணர்ந்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரைச்சலைக் கேட்டார். “கையைத் தூக்குங்க அங்கிள்” என்றார். அவர் தூக்கினார். தூக்கிய கையில் சிரை தளர்ந்து அமுங்க வேண்டும்; அமுங்காமல் புடைத்தே நின்றால் இரத்தம் திரும்பிச் செல்லும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கலாம். சிரை தளர்வதற்குள் தங்கையின் பார்வை சுவர்க் கடிகாரத்திற்குப் போய், “சரி, இறக்குங்க” என்று சொல்லிவிட்டது. “மிஸ்ஸி, நரம்பு நல்லா இருக்கா?” என்று அவர் கேட்டார். நான் மறுபடி கையைத் தூக்கச் சொல்லிக் காத்திருந்தேன். நல்லபடியாகவே தளர்ந்தது. ஊசியும் பிசகின்றி ஏறியது.

ஆக, அன்று எந்தக் கேடும் நேரவில்லை. அடுத்த ஷிப்ட் நோயாளிகள் வாசலில் சக்கர நாற்காலிகளில் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காத தாதி எங்கே இருக்கிறார்? நானும் பார்ப்பவள்தான். அந்தப் பார்வையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாததால்தான் “கொஞ்ச நாள்” என்றேன் என இப்போது நினைக்கிறேன். சில இரவுகளில், அதைச் சொல்லத் துணியாமல்தான் அப்படிச் சொன்னேன் என்றும் தோன்றுகிறது.

எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த சீனத் தாதி பேச்சில் சிக்கனமானவர். போஸ்ட் பேசிக் என்னும், தாதிகளுக்கான சிறப்புப் படிப்பை முடித்துவிட்டு வந்த என் விரல்களைப் பிடித்து நோயாளியின் கைமேல் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்து, மலாயில் “முதலில் தொட்டுப் பார்” என்பார். தொடர்ந்து ஓடும் மெல்லிய அதிர்வுக்கும், சுத்தியல் அடிப்பதுபோல விட்டுவிட்டுத் துள்ளும் துடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அப்படித்தான் அறிந்தேன். புத்தகத்தில் அதைப் பலமுறை படித்திருந்தேன், விரலுக்குத்தான் அது எட்டாமல் இருந்தது. அவர் எப்போது என்னைத் தனியே விட்டார், எதை வைத்து முடிவு செய்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கலாம் என்றுகூடத் தோன்றியதில்லை. இந்தத் தங்கை கேட்டார். அந்தக் கேள்வியின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

தாதிமைத் துறை அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் முன்வைத்த 5 படிநிலைகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். புதியவர் விதிகளைப் பிடித்து நடக்கிறார். நிபுணரோ நிலைமையை முழுமையாகக் கண்டு செயல்படுகிறார், அதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது அவருக்கே கடினமாக இருக்கும். இதைத்தான் நான் என் வாதத்திற்கு வலுவாகக் கருதிவந்தேன்: எழுத்தில் அடங்காத அறிவு இருப்பதால்தான் சிறப்புப் பிரிவுகளில் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். ஆனால் அதே வாதம் எனக்கு எதிராகவும் திரும்புகிறது. எழுத முடியாத அளவுகோலால் ஒருவரை நிறுத்திவைத்தால், அவர் அதை எதிர்த்து வாதிடவும் முடியாது, அதை நோக்கி உழைக்கவும் முடியாது. மூத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழகிய நம்மிடையே இது இன்னும் ஆபத்தானது.

சில மாதங்களில் அவர் வேறொரு மையத்திற்குப் போய்விட்டார். அங்கே அந்தக் கட்டம் நிரம்பியது. சம்பளமும் தூரமும்கூடக் காரணங்கள் என்றார், நான் நம்புகிறேன். அண்மையில் அங்கு மாறிச் சென்ற நோயாளி ஒருவர், “அந்தப் புள்ள கையைத் தூக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்க்குது மிஸ்ஸி, எனக்குத் தோளே வலிக்குது” என்று சொன்னார். கேட்டதும் மகிழ்ந்தேன். என் மறுப்பிலிருந்து அவர் அதைக் கற்றாரா, கடிகாரம் நெருக்காத இடத்தில் ஏற்கெனவே தெரிந்ததைச் செய்கிறாரா என்ற கேள்வி பிறகுதான் வந்தது. இரண்டாவதுதான் உண்மை என்றால், நான் அவரை நிறுத்திவைத்தது அவருடைய குறைக்காக அல்ல, எங்கள் பணி அட்டவணையின் பிழைக்கு அவரைப் பொறுப்பாக்கினேன்.

அதன்பின் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில், “கையைத் தூக்கியபின் சிரை தளரும்வரை பார்த்து, கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்” என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். புதியவர்களுக்கு இது உதவுகிறது. நான் தேடுவது முழுவதும் அந்த வரியில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். புதிய ஃபிஸ்டுலாவுக்கு முதல் ஊசி குத்தும் நாளில் கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் அந்த ஒரு நோயாளியை மட்டும் ஒதுக்குங்கள் என்று எங்கள் பிரிவின் பொறுப்பாளரான சிஸ்டரிடம் கேட்டேன். ஆள் பற்றாக்குறையில் அது நடக்காது என்றார்; அவர் நிலையில் நானும் அதையே சொல்லியிருக்கக்கூடும். ஆனாலும் அடுத்த மாத அட்டவணை போடும் முன் மறுபடியும் கேட்கப் போகிறேன்.