ஏழாயிரம் டாலரில் நின்றுபோன கணக்கு

அமெரிக்காவில் வேலை போனவருக்கு வேலையின்மைக் காப்பீடாக வாராவாரம் வரும் தொகையை மத்திய அரசு தருவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் நீட்டித்துத் தரும் கூடுதல் வாரங்களுக்கு அது ஓரளவு சரி. வழக்கமான வாரங்களுக்கான பணம் அந்தந்த மாநிலத்தின் நிதியிலிருந்துதான் போகிறது. அந்த நிதியில் பணம் போடுகிறவர்கள் வேலை கொடுப்பவர்கள். அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மூன்றில் மட்டும் தொழிலாளரிடமும் கொஞ்சம் பிடிக்கிறார்கள்.

மந்தம் வந்தால் இந்த நிதிக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. விண்ணப்பங்கள் குவியும், சம்பளப் பட்டியல் சுருங்குவதால் வரி வரவும் குறையும். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அதற்காகவே தொழிலாளர் துறை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. முந்தைய வருடங்களில் மிக மோசமான மூன்றின் சராசரிச் செலவை எடுத்துக்கொண்டு, அந்த வேகத்தில் ஒரு முழு வருடம் கொடுக்கப் போதுமான பணம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மதிப்பு 1. கலிஃபோர்னியா 2020க்குள் நுழைந்தபோது அதன் பக்கத்தில்கூட இல்லை. முந்தைய மந்தத்தின் கடனையே 2018இல்தான் அடைத்து முடித்திருந்தது.

ஏன் சேரவில்லை? சம்பளத்தில் எந்த அளவு வரை வரி போடலாம் என்ற உச்சவரம்புதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. மத்திய சட்டத்தில் அது ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 7,000 டாலர். 1983இலிருந்து அசையவில்லை. 1940இல் இந்த வரம்பும் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியின் வரம்பும் ஒன்றுதான், 3,000 டாலர். 2024இல் சமூகப் பாதுகாப்புக்கு 1,68,600. இதற்கு அதே 7,000. மாநிலங்கள் இதற்குக் கீழே போனால் வேலை கொடுப்பவருக்கு மத்திய வரியில் கிடைக்கும் கழிவில் இழப்பு வரும், மேலே போகத் தடையில்லை. வாஷிங்டன் மாநிலம் வரம்பைச் சராசரிச் சம்பளத்தோடு கட்டிவைத்திருக்கிறது. 2024இல் 68,500 டாலர். 2008க்குப் பிந்தைய மந்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கடன் வாங்கியபோது அது வாங்கவில்லை.

கலிஃபோர்னியா அடிமட்டமான 7,000லேயே நிற்கிறது. 2001இல் போட்ட சட்டத்தின்படி வாரத் தொகையின் உச்சம் 230 டாலரிலிருந்து படிப்படியாக ஏறி 2005இல் 450 ஆனது. நியாயமான உயர்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரவுப் பக்கத்தைத் தொடாமல் விட்டதுதான் கோளாறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 26 வாரம் முழுசாக வாங்கினால் 11,700 டாலர். ஒரு ஆளுக்கு முதலாளி கட்டும் மாநில வரி மிக உயர்ந்த விகிதமான 6.2 சதவீதத்திலும் வருடத்துக்கு 434 டாலர்தான். ஒரு ஆள் வாங்கியதை ஈடுகட்டக் கிட்டத்தட்ட 27 வருட வரி வேண்டும். அந்த உச்ச விகிதத்தைத் தொட்டுவிட்ட நிறுவனம் அதற்குமேல் எத்தனை பேரை அனுப்பினாலும் விகிதம் ஏறாது. ஆட்குறைப்பு செய்கிறவர் கூடுதலாகக் கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டின் நோக்கமே அங்கே செத்துவிடுகிறது.

நிதி காலியானால் தொகையை நிறுத்த முடியாது. ஆளுநர் மத்திய அரசிடம் கடன் கேட்பார், வரும். ஜனவரியில் வாங்கி செப்டம்பர் 30க்குள் அடைத்து, அந்த வருடக் கடைசிவரை மறுபடி வாங்காமல் இருந்தால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், வட்டி கிடையாது. இல்லாவிட்டால் வட்டி உண்டு, அந்த வட்டியை இந்த நிதியிலிருந்து கட்டக்கூடாது. பொது வரவுசெலவிலிருந்தோ தனி வசூலிலிருந்தோதான் எடுக்கவேண்டும். பள்ளிக்கும் சாலைக்கும் போகவேண்டிய பணம் இப்படிப் போகிறது.

அசலை அடைக்காமல் இழுத்தால் வேலை கொடுப்பவர் தலையில் விழும். மாநில வரி போக அவர் கட்டும் மத்திய வரி, அந்த 7,000 டாலரில் 6 சதவீதம். மாநில வரியை நேரத்துக்குக் கட்டியவருக்கு 5.4 கழிவு, ஆக 0.6, தலைக்கு 42 டாலர். தொடர்ந்து இரண்டு ஜனவரி 1ஆம் தேதிகளில் கடன் பாக்கி இருந்து, இரண்டாவது வருடம் நவம்பர் 10க்குள்ளும் அடைபடாவிட்டால், கழிவில் 0.3 குறையும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இன்னொரு 0.3. கலிஃபோர்னியாவில் 2022க்கு 0.3 இருந்தது, 2024க்கு 0.9 ஆகிவிட்டது. தலைக்கு 63 டாலர் கூடுதல், மொத்தம் 105.

பத்துப் பேர் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்கு 1,050 டாலர் என்று தோன்றும். அப்படி முடியாது. வரம்பு ஆளுக்கு ஆள் புதிதாகத் தொடங்கும். வருடத்தில் ஆட்கள் மாறி மாறி 25 பேர் வந்துபோய், ஒவ்வொருவரும் 7,000 தாண்டியிருந்தால் 2,625 டாலர். இரண்டு லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளருக்கு அவர் நிறுவனம் கட்டுவதும் அதே 105தான். பாரம் ஏறுவது குறைந்த சம்பளமும் அடிக்கடி ஆள் மாற்றமும் உள்ள தொழில்கள்மேல்.

இன்னொரு சிக்கல், கூடுதல் தொகை நவம்பருக்குப் பிறகே உறுதியாகும். நான்காம் காலாண்டின் பாக்கியாகக் கணக்கில் வந்து ஜனவரி 31க்குள் ஒரேயடியாகக் கட்டவேண்டும். இந்த மத்திய வரிக்கான படிவம் 940உடன் ஷெட்யூல் ஏ என்ற தாளை இணைத்து, மாநிலத்துக்கு நேரே உள்ள கட்டத்தில் வரிக்குரிய சம்பளத்தைக் குறைப்பு விகிதத்தால் பெருக்கி எழுதவேண்டும். தலைக்கு 42 என்று மட்டும் எடுத்துவைத்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். உங்கள் மாநிலம் கடனில் இருந்தால், ஒருவரின் சம்பளம் 7,000 தொடும் வரையான ஒவ்வொரு சம்பள நாளிலும் குறைப்பையும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள்.

கடனை அடைக்க இன்னொரு வழியும் உண்டு, வேலை போனவரிடமிருந்து எடுப்பது. வட கரோலினா 2013இல் உச்ச வாரத் தொகையை 535இலிருந்து 350 டாலராக வெட்டியது. வாரங்களை 26இலிருந்து அதிகபட்சம் 20 ஆக்கி, வேலையின்மை குறைந்தால் 12 வரை இறங்கும்படி வைத்தது. கடன் சீக்கிரம் அடைபட்டது. நிதி பிறகு பெருத்தும் வெட்டியது பல வருடம் அப்படியே நின்றது. இதைச் சிக்கனம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

வரம்பை உயர்த்தும் சட்டத்தை மந்தத்தின் நடுவில் போடுவதும் தவறு. ஆள் எடுக்கத் தயங்கும் நேரத்தில் வரியை ஏற்றினால் வேலைகள் இன்னும் குறையும். ஆட்சேர்ப்பு நன்றாக நடக்கும் வருடத்தில் நிறைவேற்றி, நான்கைந்து வருடத்தில் படிப்படியாக ஏற்றி, பிறகு சராசரிச் சம்பளத்தோடு தானாக நகரும்படி விட்டுவிடவேண்டும். வரம்பு விரியும்போது விகிதத்தைக் குறைக்கலாம் என்பதால், குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் சிறு கடைக்காரருக்கு இதில் மிச்சம்கூட வரும்.