நிற்க முடியாதவரை நிற்க வைத்த சிலை

லண்டன் குரோவ்னர் சதுக்கத்தில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நீண்ட மேலங்கியும் கைத்தடியுமாக நிற்கிறார். 1921-ல் நோய் தாக்கிக் கால்கள் விளங்காமல் போனவர் அவர். அதன்பிறகு அவர் பொது இடங்களில் நின்றது பெரும்பாலும் கால்களில் எஃகுப் பட்டைகளைப் பூட்டி, ஒரு கையில் தடியும் மறு கையில் யாராவது ஒருவரின் தோளோ கையோ பிடித்துத்தான். அப்படிப்பட்டவரை வெண்கலத்தில் எந்தக் கோலத்தில் வைப்பது என்பதில் அன்றே விவாதம் நடந்தது. உட்கார்ந்த கோலம்தான் உண்மையாக இருக்கும் என்று ஒரு தரப்பு சொன்னது. அவர் மனைவி எலினோர் நின்ற கோலத்தையே விரும்பினார். சிற்பி வில்லியம் ரீட் டிக் அப்படியே செய்தார். ரூஸ்வெல்ட்டின் மூன்றாவது நினைவு நாளான 1948 ஏப்ரல் 12 அன்று எலினோரே சிலையைத் திறந்து வைத்தார்.

வெளிநாட்டுத் தலைவருக்குச் சிலை என்றால் முதலில் வரும் கேள்வி, யார் காசு என்பது. இங்கே பிரிட்டிஷ்-அமெரிக்க நட்புக்கான பில்கிரிம்ஸ் சங்கம் போட்ட விதி கெட்டிக்காரத்தனமானது: ஒருவர் அதிகபட்சம் ஐந்து ஷில்லிங்தான் (கால் பவுண்டு) தரலாம். ஏறக்குறைய 1,60,000 பேர் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் 40,000 பவுண்டு சேர்ந்துவிட்டது. எந்தப் பணக்காரரும் பீடத்தில் தன் பெயரைக் கேட்க முடியாது. அரசாங்கம் நட்புக்காக வைத்த சிலை என்றும் யாரும் முணுமுணுக்க முடியாது.

அடுத்த சிக்கல் நிலம். அந்தச் சதுக்கத்துத் தோட்டம் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் சொத்தாக இருந்தது. அதைப் பொதுத் தோட்டமாக்க நாடாளுமன்றம் 1946-ல் ரூஸ்வெல்ட் நினைவுச் சட்டம் என்று தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நிலம் யாருடையது, இருபது வருடம் கழித்துச் சிலையைக் கழுவப் போவது யார் என்பதை எழுத்தில் முடிக்காமல் சிற்பியைத் தேடிப் போகும் குழுக்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கின்றன.

இனி வார்ப்புப் பட்டறைக்கு வருவோம். நிற்கும் சிலையின் பலவீனமான இடம் கணுக்கால். உள்ளே கூடாக வார்க்கும் பெரிய சிலைகளில் சுவரின் தடிமன் 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான். மேலே அகலமான உடம்பு, கீழே இரண்டு மெல்லிய குழாய். காற்று தள்ளும்போது பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். அதனால் கணுக்காலில் உலோகத்தைத் தடிப்பாக விடுவார்கள், அல்லது உள்ளே எஃகுத் தண்டு செலுத்துவார்கள். ரூஸ்வெல்ட்டின் மேலங்கியும் தடியும் இந்த விஷயத்தில் சிற்பிக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன். பின்னால் இறங்கும் துணி உருவத்தின் கனத்தைக் கீழ்ப்பக்கமும் பரப்புகிறது, கால்களின் மெலிவை மறைக்கிறது, தடி இன்னொரு ஊன்றுகோலாகிறது.

வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதரகத்தின் முன் நிற்கும் சர்ச்சில் இதற்கு எதிர்வகை. வில்லியம் மெக்வே செய்து 1966-ல் திறந்த அந்தச் சிலையின் ஒரு கால் தூதரக நிலத்தில், மறுகால் அமெரிக்க நிலத்தில். ஒரு கை உயர்ந்து இரு விரலால் வெற்றிக்குறி காட்டுகிறது, மறு கையில் தடியும் சுருட்டும். சுருட்டு கண்ணியமாக இல்லை என்று அப்போது ஆட்சேபம்கூட வந்தது. பராமரிப்பவருக்கோ கவலை உயர்ந்த கைதான். இப்படி நீட்டிய கை பெரும்பாலும் தனியாக வார்த்து இணைக்கப்படும். அந்த மூட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் மழைநீர் உள்ளே இறங்கி உடம்புக்குள் தேங்கும். பறவைகள் உட்காருவதும் அங்கேதான்.

உள்ளே போன தண்ணீர் வெளியேற அடியில் சிறு வடிதுளைகள் வேண்டும். அவை அடைத்துக்கொண்டால் குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து விரிந்து வெண்கலத்தையே பிளக்கும். வார்க்கும்போது உள்ளீடாக வைத்து எடுக்காமல் விட்டுப்போன களிமண்ணும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பீடத்தில் நிறுத்த அந்தக் காலத்தில் இரும்பு முளைகளைப் போட்டார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருக்கும்போது கல் வெடிக்கும். இன்று துருப்பிடிக்காத எஃகுத் தண்டைக் கல்லில் ஆழமாகத் துளையிட்டு எபாக்சி பசையால் பதிக்கிறார்கள். போர்ட்லாண்ட் கல் போன்ற சுண்ணாம்புக்கல் பீடமாக இருந்தால் வெண்கலத்திலிருந்து வழியும் பச்சைக் களிம்பு கல்லுக்குள் ஊறிவிடும், பிறகு லேசில் போகாது. தண்ணீர் பீடத்தின் விளிம்பைத் தாண்டிச் சொட்டும்படி அடித்தட்டைச் சரிவாக அமைப்பதுதான் சரியான வழி.

நிலக்கரிப் புகை சூழ்ந்திருந்த அந்தக் கால லண்டனில் கந்தகம் படிந்து வெண்கலம் கறுத்தது, மழை வழிந்த தடங்களில் மட்டும் வெளிர்ப்பச்சைக் கோடு விழுந்தது. அதைப் பளபளப்பாக்கக் கம்பித் தூரிகையோ அமிலமோ எடுத்தால், மேலே நிறம் கொடுக்கும் படலத்தோடு சிற்பியின் விரல் தடமும் போகும். கண்ணாடிக் குருணை வீசிச் சுத்தம் செய்யும் முறை ஒரு காலத்தில் பிரபலம். அதில் உலோகமே தேய்ந்ததால் இப்போது பெரும்பாலும் தவிர்க்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. அயனியற்ற மென்சோப்பு (உலோகத்தை அரிக்காத வகை) கலந்த தண்ணீர், மென்மையான தூரிகை, மேலிருந்து கீழாகக் கழுவல், பிறகு சோப்பு மிச்சமில்லாமல் அலசல். நன்றாகக் காய்ந்ததும் எரிவாயுச் சுடரால் ஒவ்வொரு பகுதியாகச் சூடேற்ற வேண்டும். மேலே தொடும் மெழுகு உடனே உருகி ஓடும் அளவு சூடு போதும்; நிறம் மாறினால் சூடு அதிகம். நுண்படிக மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் ஒரு வகை மெழுகு) மெல்லியதாகத் தேய்த்து, ஆறியதும் துணியால் மெருகேற்றுவார்கள். மெழுகு தடித்தால் தூசியைப் பிடித்து வெள்ளையாகப் பூக்கும், மடிப்புகளில் குறிப்பாக. ரூஸ்வெல்ட் மேலங்கி போன்ற ஆழமான மடிப்புள்ள சிலைகளில் இதுதான் பெரிய தொல்லை. வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்துமுத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, தட்டையாகப் படர்ந்தால் தேய்ந்துவிட்டது.