கப்பல் வந்த பிறகு ஏறும் விலை

தாமதமான கப்பல்கள் சேர்ந்தாற்போல் வந்து நிற்கும் வாரம்தான் பெரும்பாடு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பியத் தடத்துக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணத்தில் பத்து நாளுக்கு மேல் கூடியது; 2024இல் கொழும்பு, சிங்கப்பூர் துறைமுகங்களும் திணறின. அங்கே தேங்கும் கன்டெய்னர் பெட்டிகள் நம் சென்னைப் பக்கம் மொத்தமாகத்தான் இறங்கும்.

துறைமுகத்தில் பெட்டி அடுக்கும் யார்டு நிரம்பினால் அடுக்கு உயரும். நமக்கு வேண்டிய பெட்டி நாலடுக்கின் அடியில் இருந்தால், மேலுள்ள மூன்றையும் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். உள்ளே போன டிரெய்லர் வெளியே வராது. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நீளும். துறைமுகத்துக்கும் மணலி, மாதவரம் கிடங்குகளுக்கும் இடையே நாளுக்கு இரண்டு நடை அடிக்கும் வண்டி ஒரு நடையோடு நிற்கும். வண்டித் தவணை, டிரைவர் பேட்டா எல்லாம் அந்த ஒரு நடையின் தலையில். விடிய விடிய வரிசையில் கிடக்கும் டிரைவருக்குக் கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும் என்பது எந்தச் செலவுக் கணக்கிலும் வருவதில்லை. அது அநியாயம்.

கடை விலைக்கு வருவோம். கப்பல் வாடகையும் சேர்ந்த மதிப்பின் மேல்தான் சுங்கவரி. நெரிசலால் வாடகை 1,00,000 ரூபாய் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 10% என்றால் 10,000. சமூக நலக் கூடுதல் வரி 1,000. இந்த 1,11,000 மேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18% என்றால் 19,980. ஐ.ஜி.எஸ்.டி.யைப் பிறகு வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்கும்வரை அந்தப் பணம் முடங்கும், வட்டி ஓடும். மொத்த வியாபாரியும் சில்லறைக்காரரும் லாபத்தைச் சதவீதத்தில் போடுவதால் விலை மேலும் வளரும்.

இருபதடிப் பெட்டியில் 24 டன் பர்மா உளுந்து வந்தால், 48,000 ரூபாய் கூடுதல் செலவு கிலோவுக்கு 2 ரூபாய்தான். அதே தொகை சோபா போல இடத்தை அடைக்கும் சரக்கில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் விழும். நெரிசல் தீர்ந்ததும் விலை இறங்காததற்குக் காரணம், கிடங்கில் கிடப்பது நெரிசல் காலத்துக் கூடுதல் வாடகையில் வந்த சரக்கு.

இறக்குமதியாளர் கையில் இருப்பது காகித வேலை. பெரும்பாலான சரக்குக்குக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் சுங்கத்துறைக்கு பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் படிவம் போட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. கப்பல் தேதி மாறிக்கொண்டே இருக்கும் காலத்தில் கடைசி நாள்வரை காத்திருக்கவே கூடாது.

அதிகம் கோட்டை விடுவது காலிப் பெட்டியில். சரக்கை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காலிப் பெட்டி அதற்கான யார்டுக்குள் திரும்பப் போகும்வரை லைனின் (கப்பல் நிறுவனத்தின்) டிடென்ஷன், அதாவது பெட்டியைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம், ஓடும். “இடமில்லை, நாளைக்கு வாங்க” என்று யார்டு திருப்பி அனுப்பினால், பெட்டி எண், நேரம், கேட்டில் எடுத்த படத்தோடு அன்றைக்கே லைனுக்கு மின்னஞ்சல் போடுங்கள். அது கையில் இல்லாமல் தள்ளுபடி கேட்டு வாங்குவது கடினம்.