போனை அணைத்துவிட்டால் போதுமா?

கோலாலம்பூரில் நில அளவை வேலை பார்ப்பவனுக்கு வெயில் பழகிவிடும். பிற்பகலில் திடீரென்று திரண்டு வரும் மேகம் பழகுவதே இல்லை, பழகவும் கூடாது. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கிற வட்டாரம் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கேட்கவே வேண்டாம்.

மேகம் கறுத்ததும் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள், போன் மின்னலை இழுத்துவிடும் என்று பயந்து முதலில் அதை அணைப்பார்கள். புக்கிட் ஜாலில் பக்கம் ஒரு சைட்டில் ஒருவர் அணைத்த போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிம்மதியாக நின்றார். உச்சியில் ஜிபிஎஸ் மாட்டிய இரண்டு மீட்டர் கம்பம் அவர் தோளில் சாய்ந்திருந்தது. “அதான் ஆஃப் பண்ணிட்டேனே, அண்ணே” என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கம்பத்தைக் கீழே போடச் சொல்லி, லாரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

போனின் அலைகள் மின்னலை இழுப்பதில்லை. உயரமாக, தனியாக நிற்பதைத்தான் மின்னல் பெரும்பாலும் தாக்கும். மரத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். மண்ணில் பரவிக் கால் வழியாகவும் ஏறும். கார்பன் ஃபைபர் கம்பம் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்களும் உண்டு. கார்பன் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

ஆனால் மின்னல் தாக்கிவிட்டால், காதில் மாட்டியிருக்கும் வயர் கெடுதல் செய்யும். கனடாவின் வான்கூவரில் ஐபாடில் பாட்டுக் கேட்டபடி ஓடிய ஒருவரைப் பற்றி 2007-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. பக்கத்து மரத்தில் விழுந்த மின்னல் அவர் மேலும் பாய்ந்தது. இயர்போன் வயர் கிடந்த வழியெல்லாம், நெஞ்சிலிருந்து காது வரை தீக்காயம். செவிப்பறை கிழிந்து தாடை எலும்பும் முறிந்துவிட்டது. மின்னல் பல நேரம் தோலின் மேலாகவே ஓடிவிடும். அவருக்கோ வியர்வையும் உலோக வயரும் சேர்ந்து அதைத் தலைக்குள் கொண்டுபோய்விட்டன.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. 30 விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, வேலையை நிறுத்தியாக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். இந்த 30 நிமிடம்தான் பெரிய போராட்டம். மழை விட்டிருக்கும், வெயில்கூட எட்டிப் பார்க்கும். “அளக்க ரெண்டு பாயிண்ட்தானே பாக்கி” என்பார்கள். நான் விடுவதில்லை. என்னைக் கேட்டால், கருவிகளால் வரும் நிஜமான ஆபத்து இதுதான்: முடிக்காத வேலை திரையில் தெரிந்துகொண்டே இருப்பதால் ஆளைத் திறந்தவெளியில் பிடித்து வைக்கும்.

லாரியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் சரி. காப்பது டயர் ரப்பர் இல்லை, சுற்றியுள்ள உலோகக் கூடு. சார்ஜர் வயரை மட்டும் போனிலிருந்து கழற்றிவிட வேண்டும். சைட் ஆபீசிலும் சுவர் பிளக்கில் மாட்டிய போனை அந்த நேரத்தில் தொடக்கூடாது.

தம்பிகளிடம் இப்போதெல்லாம் போனை அணைக்காதே என்றே சொல்கிறேன். யாராவது அடிபட்டால் 999-ஐ உடனே அழைக்க வேண்டும். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.