போஸ்டர் தின்னும் ஆடு: முதல் மூன்று வாரம்

பழைய டிவி கேம் மாதிரி ஒரு விளையாட்டை நானே எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. மஞ்சள் கேசட்டைச் சொருகி, படம் வராவிட்டால் கழற்றி வாயால் ஊதி, மறுபடி சொருகிய ஆள் நான். அந்தப் பெட்டிகளில் பல, ஃபேமிகாம் என்ற ஜப்பானிய விளையாட்டுப் பெட்டியின் நகல்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. சரி, அந்த ஃபேமிகாமுக்கே எழுதிவிடலாம் என்று 6502 அசெம்பிளியில், அதாவது அதன் சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் மொழியில், இறங்கினேன். இருக்கும் ராம் மொத்தம் 2 கிலோபைட். ஒரு வாரம் முட்டி மோதிய பிறகு திரை முழுக்க நீல நிறம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அப்புறம் போய்ச் சேர்ந்த இடம் பிகோ-8. கடையில் எப்போதுமே விற்காத ஒரு பழைய கணினியைக் கற்பனை செய்து மென்பொருளாக்கியிருக்கிறார்கள். 128-க்கு 128 பிக்சல் திரை, 16 நிறம், நான்கு ஒலித்தடம். நிரல் லுவா மொழியில், அதுவும் 8192 டோக்கனுக்குள் (பெயர், எண், குறி என்று நிரலின் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு டோக்கன்) அடங்க வேண்டும். எழுதவும் வரையவும் இசை போடவும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பிரவுசரில் இலவசமாகத் திறக்கும் பதிப்பும் உண்டு. நான் அதில்தான் தொடங்கினேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சுவர் சுவராகத் தாவி ஓர் ஆடு போஸ்டர்களைத் தின்ன வேண்டும். 8-க்கு 8 பிக்சலில் ஆடு வரைவதுதான் பாடாய்ப் படுத்தியது. முதலில் வரைந்தது இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது. அடுத்ததைப் பார்த்த அக்கா பையன், "நாய் நல்லாருக்கு மாமா" என்றான். கடைசியில் தாடிக்கு ஒரு பிக்சல், கொம்புக்கு இரண்டு பிக்சல் வைத்ததும் ஆடாகிவிட்டது.

இடது வலது நகர்த்தலை ஒரே மாலையில் முடித்தேன். ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், பழையதைத் துடைக்க மறந்ததால் ஆடு போன வழியெல்லாம் ஆட்டு மந்தை. அதற்கு ஒரு வரி போதும்.

மீதி இரண்டு வாரமும் தாவலுக்கே போனது.

தாவல் என்பது கணக்குதான். பட்டனை அழுத்தியதும் மேல்நோக்கி பிரேமுக்கு 2.6 பிக்சல் வேகம் கொடுக்கிறோம். நொடிக்கு 30 பிரேம். ஒவ்வொரு பிரேமிலும் ஈர்ப்புக்காக 0.2 குறைக்கிறோம். ஆடு இரண்டு கட்ட உயரச் சுவரில், அதாவது 16 பிக்சலில், அழகாக ஏறியது. ஒரு ராத்திரி நிரலை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று வரிகளை இடம் மாற்றி வைத்தேன். மறுநாள் ஆடு அதே சுவரில் ஏற மாட்டேன் என்கிறது. எண் எதையும் தொடவில்லையே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். பிறகு காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. முதலில் நகர்த்திவிட்டு அப்புறம் 0.2 குறைத்தால் மொத்த உயரம் 18.2 பிக்சல். முதலில் குறைத்துவிட்டு அப்புறம் நகர்த்தினால் 15.6. குறைவது அரை பிக்சல்கூட இல்லை, ஆடு கீழேயே நிற்கிறது!

அடுத்தது இன்னும் வேடிக்கை. தாவி இறங்கினால் எல்லாம் சரி. சுவர் விளிம்பிலிருந்து சும்மா நடந்து இறங்கினால் மட்டும் ஆடு தரையைப் பொத்துக்கொண்டு காணாமல் போனது. காலடியில் தரை இருந்தால் கீழே நகராதே என்று எழுதியிருந்தேன். வேகத்தைப் பூஜ்யமாக்க மறந்துவிட்டேன். ஆடு சும்மா நிற்கும்போதும் ஈர்ப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஐந்து நொடி நின்றால் பிரேமுக்கு 30 பிக்சல் வேகம். தரையோ 8 பிக்சல் தடிமன். ஒரே எட்டில் அந்தப் பக்கம். தாவும்போது வேகத்தைப் புதிதாக வைப்பதால் அதில் இந்தக் கோளாறு வெளியே தெரியவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அக்கா பையன் விளையாடிவிட்டு, "நான் அமுக்குனேன், அது குதிக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். விளிம்பைத் தாண்டிய பிறகே அமுக்குகிறான் என்பது என் கட்சி. ஆனால் இதற்குப் பெயர் வைத்து மருந்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள்: கயோட்டி டைம். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் கொஞ்ச நேரம் காற்றில் ஓடுமே ஓநாய், அதுதான். விளிம்பைத் தாண்டி நான்கு பிரேம் வரை தாவலை அனுமதித்தேன். பையன் புகார் சொல்வதை நிறுத்திவிட்டான். நான் விளையாடும்போதே கை தேறிவிட்டது போல இருக்கிறது. கொஞ்சம் ஏமாற்று வேலைதான்.

இதுவரை ஆயிரம் டோக்கன்கூட ஆகவில்லை. ஒரே திரை, ஆறு போஸ்டர், தின்னும்போது ஒரு 'கர்ரக்' ஒலி. இப்போது பசை வாளியோடு போஸ்டர் ஒட்டும் ஆளை வில்லனாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தின்ற இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டே வருவார். ஒட்டுவதெல்லாம் சரியாக ஒட்டுகிறார். சுவருக்குள் புகுந்து நடக்கிறார், அதைத்தான் இந்த வாரம் பார்க்க வேண்டும்.