‘பி’யை எழுதாமல் வாயைத் திறக்காதீர்கள்: ஒரு பிஎச்.டி. நேர்காணல் அனுபவம்

முடிவு தெரிந்து ஐந்து நாள் ஆகிறது. அண்டவியலில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்துவிட்டது. போன வருடமும் இதே ஜெஸ்ட் (இயற்பியல் பிஎச்.டி.க்கான நுழைவுத் தேர்வு), ஏறக்குறைய இதே ரேங்க், ஆனால் நேர்காணலில் கழித்துவிட்டார்கள். எழுத்துத் தேர்வைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் நேர்காணலைப் பற்றி மட்டும், அதிலும் பெரும்பாலும் ‘பி’ என்ற ஒரே ஒரு எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஊர் ஊட்டிக்குப் பக்கத்தில் பாலாடா. கேரட் போடுகிற குடும்பம். முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். போன வருடம் முதல் கேள்வியே, “ஊட்டியா? அந்தத் தொலைநோக்கியை ஏன் சரிவில் கட்டினார்கள்?” விடுவேனா? 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, இடத்தின் அட்சரேகையும் அதே. அதனால் அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பி ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். 1970இல் கட்டி முடித்தது, அமைத்த கோவிந்த் ஸ்வரூப், ரேடியோ மூலங்களை நிலா மறைப்பதை வைத்துச் செய்த ஆய்வு... பத்து நிமிடம் நானே பேசித் தீர்த்தேன். சொந்த ஊர் கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும். நீட்டினால் உங்கள் நேரம்தான் போகும்.

அப்புறம் வந்தது அசல் கேள்வி: “பிரபஞ்சத்தில் பொருள் திரண்டு வளர்ந்த வேகத்தை எப்படி அளப்பாய்?” கேலக்ஸிகள் எவ்வளவு கொத்துக் கொத்தாக இருக்கின்றன என்று பார்ப்பேன் என்றேன். “அது கேலக்ஸிகளின் கொத்து. பொருளின் கொத்து எங்கே?” என்றார் ஒருவர். எனக்கு வார்த்தை வரவில்லை. சாரல் அடித்த கண்ணாடி மாதிரி தலைக்குள் எல்லாம் மங்கிப்போயிற்று.

அந்த வருடம் மார்கழியில்தான் விடை புரிந்தது. ராத்திரி எங்கள் மேட்டில் நின்று கேத்தி பள்ளத்தாக்குப் பக்கம் பார்த்தால் விளக்குகள் தெரியும். வீடுகள் பெரும்பாலும் மேட்டில். பள்ளமெல்லாம் தோட்டம், இருட்டு. விளக்கை மட்டும் வைத்து நிலத்தை வரைந்தால், மேடுகள் உள்ளதைவிட எடுப்பாகத் தெரியும். கேலக்ஸிகளும் அப்படித்தான், கரும்பொருள் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) மிகுதியாகத் திரண்ட மேடுகளில் பிறக்கின்றன. எவ்வளவு மிகைப்படுத்துகின்றன என்பதுதான் சார்பு எண், ‘பி’. அது காலத்தோடும் மாறும். பத்து பில்லியன் வருடத்துக்கு முன்னால் இருந்த கொத்தையும் இன்றைய கொத்தையும் ஒப்பிட்டால், வளர்ந்தது பொருளா, மாறியது பி-யா? கேலக்ஸிகளை மட்டும் எண்ணிப் பிரிக்க முடியாது.

இந்த வருடம் அதே கேள்வி வேறு வாயிலிருந்து வந்தது. பேசவில்லை. எழுந்து போய்ப் பலகையில் மூன்று வரி எழுதினேன். சிக்மா-8 என்பது பொருள் எவ்வளவு கொத்தாகத் திரண்டிருக்கிறது என்பதன் அளவு. கோணல் என்பது, வழியில் உள்ள பொருளின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் பின்னால் உள்ள கேலக்ஸியின் உருவம் சற்றுத் திரிவது, இதுதான் லென்சிங்:

- கேலக்ஸி–கேலக்ஸி கொத்து: பி வர்க்கம் × சிக்மா-8 வர்க்கம்
- முன்னால் உள்ள கேலக்ஸியைச் சுற்றிப் பின்னால் உள்ளவற்றின் உருவக் கோணல்: பி × சிக்மா-8 வர்க்கம்
- கோணலுக்கும் கோணலுக்கும் உள்ள தொடர்பு: சிக்மா-8 வர்க்கம் மட்டும், பி கிடையாது

இரண்டாவதை வர்க்கமாக்கி முதலாவதால் வகுங்கள். பி அடிபட்டுப் போகும். லென்சிங் அளவுகளில் ஒமேகா-எம்-மும் (பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் பொருளின் பங்கு) சேர்ந்து வரும், அதை ஓரத்தில் குறியுங்கள். பெரிய தூர அளவில்தான் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக இருக்கும் என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்டு நீங்கள் ஒத்துக்கொள்வதைவிட அது நல்லது. எனக்கு நேர்காணல் இந்த மூன்று வரியிலேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் உபரி.

உபரியில் ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். “ஒரு கேலக்ஸி இயல்பிலேயே நீள்வட்டம். ஈர்ப்பு அதை வளைத்தது என்று எப்படித் தெரியும்?” கேரட் கழுவும்போது பார்த்ததைச் சொன்னேன். ஒவ்வொரு கேரட்டும் தன் இஷ்டத்துக்குக் கோணல். ஒன்றை எடுத்து மண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மூட்டை மூட்டையாகச் சராசரி எடுத்தும் ஒரு பக்கச் சாய்வு மிஞ்சினால் அதற்கு வெளிக் காரணம் உண்டு. லென்சிங் கோணல் ஒரு சதவீதம் அளவு. இயல்பான கோணல் அதைப்போல் இருபது முப்பது மடங்கு. அதனால்தான் கேலக்ஸிகளைப் படமெடுத்து அளக்கும் டார்க் எனர்ஜி சர்வேயின் 2021 ஆய்வுக்குப் பத்துக் கோடி கேலக்ஸிகள் தேவைப்பட்டன. உடனே மடக்கினார்கள்: “சராசரியில் போகாத இயல்புக் கோணல் உண்டா?” உண்டு. ஒரே பாத்தியில் பக்கத்துப் பக்கத்துக் கேரட் ஒரே கல்லுக்கு வளையும். அருகருகே உள்ள கேலக்ஸிகளும் ஒரே ஈர்ப்புப் புலத்தில் உருவாவதால் ஒரே திசையில் சாய்கின்றன. சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

எஸ்-8 முரண்பாடு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். எஸ்-8 என்பது சிக்மா-8ஐயும் ஒமேகா-எம்-ஐயும் சேர்த்த எண். ஆதி ஒளியை வைத்துக் கணித்த மதிப்பும் லென்சிங் சர்வேக்கள் அளந்த மதிப்பும் ஒத்துப்போகாததுதான் முரண்பாடு. போன வருடம் நான் ‘புதிய இயற்பியல்’ என்று துள்ளினேன், தேவையில்லாத வேலை. ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவு தரும் மதிப்பு 0.83 அளவு. 2021இல் டார்க் எனர்ஜி சர்வே சொன்னது 0.776. ஆனால் 2025இல் வந்த கிட்ஸ் என்ற இன்னொரு லென்சிங் சர்வேயின் இறுதி முடிவு 0.815, பிளாங்க்கோடு ஒத்துப்போகிறது. செம்பெயர்ச்சி (கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது, தூரத்தைச் சொல்லும்) மதிப்பீட்டைச் சீர்படுத்தியது அதற்கு ஒரு பெரிய காரணம். எண்ணைச் சொல்லும்போது ஆண்டையும் சொல்லுங்கள்.

இனி சில்லறை:

- செம்பெயர்ச்சி வெளித் திரிபு (கேலக்ஸிகளின் சொந்த நகர்வால் செம்பெயர்ச்சியில் வரைந்த வரைபடம் கோணுவது), அதிலிருந்து கிடைக்கும் எஃப் சிக்மா-8, எஃப் என்பது வளர்ச்சி வேகம், ஏறக்குறைய ஒமேகா-எம்-இன் 0.55 அடுக்கு. இதைத் தருவிக்கத் தெரிந்தால் போதும். எனக்கு இரண்டு நிமிடம்தான் போயிற்று.
- பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் ஏன் பொருள் திரளும் வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது என்று சமன்பாடு இல்லாமல் ஒரு முறை அம்மாவுக்குச் சொல்லிப் பாருங்கள். என் அம்மா பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். விளக்கத்தைச் சுருக்கினேன்.
- விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி என்பவர்கள் உறைபனி விழும் ஊரில் பேனா பிடித்ததில்லை. நான் ராத்திரிதான் படித்தேன்.
- குழுப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஊரில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பரவாயில்லை.
- தெரியாததைத் ‘தெரியாது’ என்று மூன்று முறை சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.
- மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸை நம்பி அதே நாள் ரயிலுக்கு டிக்கெட் போடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால் போச்சு. முந்தின நாளே இறங்கிவிடுங்கள்.
- மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். எனக்கு வந்த கடிதம் இரண்டு நாள் அதில்தான் கிடந்தது.