கண் கொடுத்தவரும் கை கொடுத்தவரும்: நோர்ஸ் தெய்வங்களைப் படித்தபோது

நோர்வேயில் ஓர் உறவினராவது இல்லாத ஒழுங்கையை வன்னியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒஸ்லோவின் பனியைப் பற்றியும் அங்குள்ள சம்பளத்தைப் பற்றியும் எமக்கு நிறையத் தெரியும். அந்நாட்டவர் கிறிஸ்தவத்தைத் தழுவுவதற்கு முன் கும்பிட்ட தெய்வங்களைப் பற்றிக் கேட்டாலோ, திரைப்படத்தில் சுத்தியலோடு பறக்கும் தோரைத் தவிர வேறொருவரையும் எமது பிள்ளைகள் அறியார். அந்தப் படத் தோரை ஒரு புறம் வைத்துவிட்டுப் பழம்பாடல்களின் கதைகளைப் படிக்கத் தொடங்கியபோது, அத்தெய்வங்களுள் உறுப்பையோ ஆயுதத்தையோ இழந்தவர்கள் இத்தனை பேரா என்ற வியப்பே எனக்கு முதலில் ஏற்பட்டது.

தலைவரான ஒடினுக்கு ஒரு கண்தான். மீமிர் என்பவரின் ஊற்றிலிருந்து அறிவின் நீரை ஒரு முறை பருகுவதற்கு விலையாக மற்றைய கண்ணை அவர் அங்கே விட்டுவிட்டு வந்தார். கண்ணப்பரின் கதையைத் திருமுறை வகுப்பில் கேட்டு வளர்ந்த எமக்கு இது தலைகீழாகத் தோன்றும். காளத்தியில் அடியவர் அன்பினால் ஆண்டவனுக்குக் கண்ணை அப்புகிறார், வடக்கிலோ ஆண்டவனே தன் கண்ணைக் கொடுத்துப் பேரம் பேசுகிறார். அத்துடன் அவர் நிற்கவில்லை. தன்னைத் தனக்கே பலியாக்கி, ஈட்டிக் காயத்துடன், உணவும் நீருமின்றி ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கி, ரூன் என்னும் பண்டைய வடநாட்டு எழுத்துகளின் மறைபொருளைப் பெற்றதாகப் பழம்பாடலொன்று கூறுகிறது.

ஆயினும் என் மனத்தில் அதிகம் தங்கியவர் டீர் என்னும் தெய்வம். சூழ்ச்சிக்காரனான லோக்கியின் மகனான ஃபென்ரிர் என்னும் ஓநாயைத் தெய்வங்கள் தம்மிடத்திலேயே வளர்த்தார்கள். அது பெருக்கப் பெருக்க, அருகிற் சென்று இரை வைக்கத் துணிந்தவர் டீர் ஒருவரே. இரண்டு இரும்புத் தளைகளை அது அறுத்தெறிந்த பின்னர், பூனையின் காலடியோசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் உமிழ்நீர் ஆகிய ஆறையும் கொண்டு, பட்டு நாடாவைப் போல் மெல்லிய கட்டொன்றைக் குள்ளர்கள் செய்து கொடுத்தார்கள். இத்தனை மெல்லிய நாடாவில் சூழ்ச்சி இருக்கும் என ஐயுற்ற ஓநாய், எவராவது ஒருவர் நம்பிக்கைக்கு ஈடாகத் தன் வாய்க்குள் கையை வைக்க வேண்டும் என்றது. தெய்வங்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டீர் வலக்கையை நீட்டினார். கட்டு இறுகியதும் எல்லோரும் சிரித்தார்கள், டீர் மட்டும் சிரிக்கவில்லை, அவர் கையை இழந்தார் என்று இக்கதைகளை எழுதிவைத்த ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி எழுதுகிறார். போரில் கைகால் இழந்தவர்கள் வீதிக்கு ஒருவராவது வாழும் ஊரில் இருந்துகொண்டு அந்த ஒரு வரியைக் கடந்து செல்வது எளிதன்று.

இக்கதைகள் எமக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். இவை எழுதிவைக்கப்பட்ட ஐஸ்லாந்து 1000 ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவத்தை ஏற்றது. ஸ்னோரி ஸ்டுர்லுசன் இக்கதைகளைச் சொல்லும் தமது எத்தா நூலை எழுதியதோ 1220 அளவில். பழம்பாடல்களின் முதன்மையான கையெழுத்துப் பிரதி கன்றுத் தோலில் எழுதப்பட்டு, பல நூற்றாண்டுகள் கழித்து டென்மார்க் அரசரிடம் சென்று, 1971 இலேதான் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. ஆகவே இத்தெய்வங்களைக் கும்பிட்டவர்களின் வாய்மொழியை, கும்பிடாதவர்களின் கைவழியாகவே நாம் படிக்கிறோம்.

தோரைப் பொறுத்தவரை, சுத்தியலைவிட மழையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 11 ஆம் நூற்றாண்டில் எழுதிய பிரேமன் நகரத்து ஆதம் என்னும் பாதிரியார், இடி, மின்னல், காற்று, மழை, விளைச்சல் ஆகியவற்றை ஆள்பவர் தோரே எனச் சுவீடன் மக்கள் கருதினர் என்கிறார். ஐப்பசியில் இடி முழங்கினால்தான் காலபோகத்துக்கு நிம்மதி என்றிருக்கும் வன்னிக் கமக்காரனுக்கு இத்தகைய தெய்வத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. எமது குளக்கட்டில் ஐயனார் பார்க்கும் வேலையில் ஒரு பகுதியை அங்கே அவர் பார்த்திருக்கிறார். பாம்பு விடயத்தில் மட்டும் இரு நாடுகளும் ஒத்துப்போகமாட்டா. புதூரில் நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் நாம், உலகைச் சுற்றிக் கிடக்கும் பெரும்பாம்பை எருதின் தலையைத் தூண்டிலில் கோத்துப் பிடிக்க முயலும் தோரைப் பார்த்தால் திகைத்துப்போவோம். அந்த இழுவையில் அவருடைய பாதங்கள் படகின் அடிப்பலகையைத் துளைத்துக் கடலடியில் ஊன்றின. சுவீடனில் அல்துனா என்னுமிடத்துக் கல்லில், அடிப்பலகையைத் துளைத்து வெளியே நீட்டிய காலை இன்றும் காணலாம்.

வல்ஹல்லாவைப் பற்றிப் பலர் ஆர்வமாகப் பேசுகிறார்கள். போரில் இறந்தவர்கள் பகலெல்லாம் வெட்டுண்டு மாலையில் எழுந்து விருந்துண்ணும் அந்த மண்டபம் என்னைக் கவரவில்லை. வொலுஸ்பா என்னும் பழம்பாடலில், மகன் பால்டரை இழந்த ஒடினின் மனைவி ஃபிரிக் தன் இல்லத்தில் இருந்து அழுததாக வரும் இடம், மண்டபத்தைப் பற்றிய வருணனைகள் அனைத்தையும்விட உண்மையாக இருக்கிறது. உலகிலுள்ள ஒவ்வொரு பொருளிடமும் மகனைத் தீண்டுவதில்லை என்று சத்தியம் வாங்கியவள், புல்லுருவிச் செடியை மட்டும் இளையதென்று விட்டுவிட்டாள். பால்டரின் கண் தெரியாத சகோதரன் ஹோதரின் கையில் லோக்கி அதையே கொடுத்து எறியச் செய்தான்.

இறுதிப் போரில் ஒடினை ஓநாய் விழுங்கும் என்பதும், பாம்பைக் கொன்ற தோர் ஒன்பது அடி நடந்து நஞ்சினால் வீழ்வார் என்பதும் முன்னரே சொல்லப்பட்டவை. அதன்பின் கடலிலிருந்து மீண்டும் எழும் நிலத்தில், விதைக்காத வயல்கள் விளையும், பால்டரும் அவரைக் கொன்ற ஹோதரும் ஒரே இல்லத்தில் வாழ்வார்கள் என்று அதே வொலுஸ்பா முடிவை நெருங்குகிறது. இப்பகுதியில் கிறிஸ்தவத்தின் சாயல் உண்டு என ஆய்வாளர் சிலர் கருதுவர், இருக்கலாம். ஆனால் கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் அருகருகே குடியமர்த்தும் எண்ணம், வழிவழியாகப் பழிவாங்கல் நடந்த ஐஸ்லாந்துச் சமூகத்துக்கு வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதை நான் ஏற்பதற்கில்லை.